ஆகாய விமானம் ஓட்டப் பயில்வது எப்படி?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

திருமுறையும் திருக்குறளும் ஒலித்த இந்த மேடையிலே ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச்சா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். நமது தெய்வமே மயிலேறி உலகைச் சுற்றிவந்தவர். கதிர்காமத்தை உள்ளடக்கிய ஊவா மாகாணத்திலே பிறந்த நமக்கு, பறத்தலைப் பற்றிய நினைவு புதியதன்று.

எல்லவுக்குப் போகும் எவரும் இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சியைக் காணாமல் திரும்புவதில்லை. அங்கே நின்றால் புஷ்பக விமானத்தின் பேச்சு வராமலும் இருப்பதில்லை. காவியத்தைக் காவியமாகப் போற்றுவோம். ஆனால் விமானம் கட்டும் வித்தை பழைய ஏடுகளிலேயே முழுதும் இருக்கிறது என்று சிலர் சொல்லும்போது, வாலிபர்களாகிய நாம் நிதானிக்க வேண்டும். வைமானிக சாஸ்திரம் என்ற நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஐவர் 1974ஆம் ஆண்டில் நன்கு ஆராய்ந்தனர். அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நூல் என்றும், அதில் கூறிய வடிவங்கள் பறக்கமாட்டா என்றும் முடிவு கூறினர். உண்மையை ஒப்புக்கொள்வதால் நம் சமயத்துக்கு ஒரு குறைவும் வராது.

நம் இலக்கியத்தில் பெருமைப்பட வேறொன்று உண்டு. திருத்தக்கதேவர் செய்த சீவக சிந்தாமணியிலே, ஆபத்து வருமென்று அஞ்சிய சச்சந்தன் ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். பொறியைச் செய்ததோடு அவன் நின்றுவிடவில்லை. அரசி விசயை அதை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று முதலில் பழகிக்கொள்கிறாள். ஆபத்து வந்த நாளில் அந்தப் பழக்கமே அவளைக் காப்பாற்றியது. பொறி இருந்தால் போதாது, பயிற்சி வேண்டும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய எங்கள் பேச்சின் பொருளும் அதுவே.

சென்ற விடுமுறையில் நாங்கள் நால்வர் இரத்மலானை விமான நிலையத்துக்குச் சென்றோம். அது இலங்கையின் பழைய விமான நிலையம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதலாக இறங்கிய விமானம், சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த சிறிய 'பஸ் மோத்' விமானம். நம் நாட்டின் முதல் விமான நிலையத்தைத் திறந்துவைத்தது ஒரு பயிற்றாசிரியரின் கை என்பது நினைக்கத்தக்கது.

நாங்கள் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் நண்பர் ஒருவரின் அம்மாயி, தேயிலைக் கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போனவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏறுறது சரி தம்பி, எறங்கத் தெரியுமா ஒங்களுக்கு?" நாங்கள் சிரித்தோம். பயிற்றாசிரியரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பயிற்சி முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில்தான்" என்றார்.

அன்பர்களே, தனியார் விமானமோட்டி அனுமதிப்பத்திரம் என்பது என்ன? சொந்தத் தேவைக்காக, கூலி பெறாமல், சிறு விமானத்தை ஓட்டுவதற்கு அரசாங்கம் தரும் உரிமை. நம் நாட்டில் இதை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. 1944இல் சிக்காகோ நகரில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே பிறந்த சர்வதேச அமைப்பு இதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்திருக்கிறது. அந்த விதிப்படி விண்ணப்பிப்பவருக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டமாயின் 35 மணி போதும். அதில் 10 மணி நேரமாவது தன்னந்தனியே பறந்திருக்க வேண்டும். அந்தத் தனிப்பறத்தலிலும் 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பயணமாக இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரு வேறு நிலையங்களில் இறங்கி நின்று செல்வதாக அமைதல் வேண்டும்.

இவற்றுக்கு முன்னே வைத்தியப் பரிசோதனை உண்டு. கண், காது, இருதயம், நிறங்களைப் பிரித்தறியும் திறன் யாவும் பார்க்கப்படும். எழுத்துப் பரீட்சையும் உண்டு. விமானச் சட்டம், யந்திர அறிவு, காலநிலை, வழியறிதல், பறத்தலின் தத்துவம், மனித உடலின் இயல்பும் குறைகளும் முதலியன பாடங்கள். வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேச ஆங்கிலம் வேண்டும். ஆறு படிகளில் நான்காம் படியாவது எட்ட வேண்டும்.

இனிப் பயிற்சியைப் பற்றிச் சொல்வோம். விமானத்தில் ஏறுமுன் மாணாக்கர் அதைச் சுற்றிவந்து தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கையின் அடியிலுள்ள சிறு திறப்பின் வழியே கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிக் குழலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பெற்றோலைவிடத் தண்ணீர் கனமானது. ஆதலால் கலந்திருந்தால் அடியில் தங்கும். ஒரு கரண்டித் தண்ணீர் போதும், நடுவானில் யந்திரம் நின்றுபோக. எண்ணெய், சக்கரம், மடல்கள் ஒவ்வொன்றையும் பட்டியலைப் பார்த்தே சரிபார்க்க வேண்டும். "எனக்கு மனப்பாடம்" என்று சொல்வது அங்கே பெருமையாகாது.

எங்கள் நால்வரில் ஒருவருக்கு அறிமுகப் பறத்தலில் அரைமணி நேரம் பயிற்றாசிரியரின் அருகே அமரும் வாய்ப்புக் கிடைத்தது. கைப்பிடியைக் கொடுத்தவுடன் அவர் அதை இரும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். விமானம் மேலும் கீழுமாக ஆடிற்று. "இரண்டு விரலால் பிடியுங்கள், அது தானே பறக்கும்" என்றார் ஆசிரியர். பிடி தளர்ந்ததும் விமானம் அமைதியாயிற்று. ஒழுங்காக அமைத்த விமானம் நேராகவே பறக்க விரும்புகிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் பதற்றமே.

அடுத்த பாடம் இறக்கை காற்றுப்பிடியை இழப்பது பற்றியது. மூக்கை மேலே தூக்கினால் விமானம் ஏறும் என்று நாம் நினைக்கிறோம். ஓரளவுக்கே அது உண்மை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்புறத்தில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகிறது. தாங்கும் சக்தி சட்டென்று குறைகிறது. விமானம் விழத் தொடங்குகிறது. விழும்போது மனிதன் என்ன செய்வான்? கைப்பிடியை இன்னும் தன்பக்கம் இழுப்பான். அதுவே அழிவு. பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தினால்தான் வேகம் கூடி இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும். பயம் சொல்வதற்கு நேர்மாறாகக் கை செய்ய வேண்டும். கைக்கு அந்தப் பழக்கம் வரும்வரை ஆசிரியர் உயரமான இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்.

பிறகு ஏறி, ஓடுபாதையைச் சுற்றி, இறங்கும் வட்டப் பயிற்சி பல நாட்கள் நடக்கும். ஒரு நாள் ஆசிரியர் எதிர்பாராத வேளையில் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு வட்டம் தனியே போய்வா" என்பார். அந்த ஒரு வட்டத்துக்குப் பின்தான் மாணாக்கர் தம்மை விமானமோட்டி என்று நினைக்கத் தொடங்குகிறாராம்.

வழியறிதலை நம் ஊரை வைத்தே விளக்குவோம். இரத்மலானையும் பண்டாரவளையும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. தேசப்படத்தில் கோடு கிழித்தால் நேர்கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர். புகையிரதத்தில் பகல் முழுவதும் வரும் வழியை, மணிக்கு 180 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானம் 40 நிமிடத்தில் கடக்கும். அந்தக் கோட்டின் நடுவழியில், கிட்டத்தட்டக் கோட்டின்மேலேயே, நிற்பது எது தெரியுமா? 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலை!

இப்பொழுது தெற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசுகிறதென்று கொள்வோம். விமானமோட்டி கிழக்கையே பார்த்து ஓட்டினால், 40 நிமிடத்தில் காற்று அவரை 20 கிலோமீட்டர் வடக்கே தள்ளிவிடும். பண்டாரவளை என்று நினைத்து அவர் குனிந்து பார்க்கும் இடம் பதுளைப் பக்கமாக இருக்கும். ஆகவே புறப்படும்போதே ஏறத்தாழ 10 பாகை தெற்கு நோக்கி மூக்கைத் திருப்ப வேண்டும். நேரே போய்ச் சேர, சற்றுச் சாய்ந்து செல்ல வேண்டியிருக்கிறது.

மலைநாட்டில் இந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதை நம் பெரியோர் மறக்கவில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்க வந்த பெரிய ஜெற் விமானம், மஸ்கெலியாப் பக்கத்திலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானமோட்டிகள் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணமென விசாரணை கூறிற்று. 2020ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி, வீரவிலவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் சிறு விமானம் நமக்கு அண்மையிலுள்ள அப்புத்தளையில் வீழ்ந்து அதிலிருந்த நால்வரும் உயிர்நீத்தனர். அவர்களின் ஆன்மா சாந்தியடைய இந்த அவையில் ஒரு கணம் நினைவுகூர்வோம்.

நம் மலைகளில் பறப்பது ஏன் கடினம்? முதலாவது, காற்றின் மென்மை. பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. யந்திரத்துக்கும் இறக்கைக்கும் கிடைக்கும் காற்றுக் குறைகிறது. எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும், ஏற்றமும் மெதுவாகும். இரண்டாவது, மலைக்காற்று. தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காற்று வறண்டு நம் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு ஆடி ஆவணியில் மணம் கொடுப்பது அந்தக் காற்றே. ஆனால் மலைமுகட்டைத் தாண்டிக் கீழ்நோக்கிப் பாயும் அதே காற்று, சிறு விமானத்தைக் கீழே அமுக்கவும் வல்லது. தெமோதரையில் நம் புகையிரதம் ஒரு வட்டமடித்துத் தன் பாதைக்கே அடியில் புகுந்து உயரத்தைக் கடப்பதைப் பார்த்திருக்கிறோம். மலையை நேரே முட்டாமல் சுற்றிக் கடக்கும் அந்தப் பொறுமை விமானமோட்டிக்கும் வேண்டும்.

மூன்றாவது, பனிமூட்டம். அமெரிக்காவில் இல்லினோய் சர்வகலாசாலையில் 1954இல் ஒரு சோதனை செய்தனர். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிலாத 20 பேரை, வெளியே ஒன்றும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அதற்குப் பிடித்த நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. கண் மறைந்தால் காதினுள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு நம்மை ஏமாற்றிவிடுகிறது. சரிந்து சுழலும்போதும் நேரே போவதாகவே தோன்றும். ஆகையால் தனியார் அனுமதிப்பத்திரத்தில் முதலில் கற்பிக்கும் தருமம், முகிலைக் கண்டால் திரும்பிவிடு என்பதே. திரும்பி வந்தவனை அங்கே எவரும் கோழை என்பதில்லை.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது கேட்க இனிமையாக இராது. ஆனால் சொல்லாமல் போனால் நாங்கள் இங்கே பேச வந்ததில் பயனில்லை.

எங்கள் நால்வரில் ஒருவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் எங்களுடன் படித்தவர். விமானத்தில் அவருக்கிருந்த ஆசையைக் கண்ட ஒருவர், எந்த இடமென்று சொல்லத் தேவையில்லை, "சில மாதத்தில் அனுமதிப்பத்திரம், அடுத்தது பெரிய விமானக் கம்பனியில் உத்தியோகம்" என்று ஆசை காட்டினார். பல இலட்சம் ரூபாய் முன்கூட்டியே கேட்டார். நண்பரின் தாயார் முப்பது வருடம் கொழுந்து பறித்துப் பெற்ற சேமலாப நிதிப் பணத்தை எடுத்துத் தரத் துணிந்துவிட்டார்.

இரத்மலானையில் பேசிய பின்புதான் உண்மை விளங்கிற்று. தனியார் அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு ஒரு சதமும் சம்பாதிக்கக்கூடாது, அதுவே சட்டம். உத்தியோகம் வேண்டுமானால் அதற்கு மேலே வர்த்தக அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பொதுவாக 200 மணி நேரம், அங்கீகரித்த பாடநெறியாயின் 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவும் பன்மடங்கு. அதன் பின்பும் வேலை நிச்சயமில்லை.

நண்பர் தாயிடம் பணம் வேண்டாமென்று சொன்னார். தாய் மகிழவில்லை. "எங்காசு ஆகாதா?" என்று அழுதார். அவருக்கு அது பணமன்று. தன் மகன் மேலே போவதைக் காணும் வழி. "காசு இருக்கட்டும் அம்மா. மொதல்ல வைத்திய சோதனையும் எழுத்துப் பரீட்சையும். அதில தேறினா நானே உழைச்சுச் சேர்ப்பேன்" என்றார் மகன். வைத்தியப் பரிசோதனையில் அவர் தேறிவிட்டார். இன்று மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார். எத்தனை ஆண்டு செல்லுமோ, தெரியாது. தாயாரின் பணம் வங்கியில் பத்திரமாயிருக்கிறது.

வாலிபரே, நமக்குக் கிடைத்த பாடம் இது: கண்ணையும் காதையும் சோதித்த பின்பே காசைக் கட்டுங்கள். பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆசையைத் தடுக்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். 1903 டிசம்பர் 17இல் 12 வினாடி பறந்து உலகை மாற்றிய ரைற் சகோதரரின் தந்தை ஒரு கிறிஸ்தவப் பேராயர். 1910இல், தம் 81ஆம் வயதில், மகனோடு விமானமேறிய அவர், அஞ்சாமல் இன்னும் உயரே போகச் சொன்னாராம். அத்தகைய மூத்தோர் நமக்கும் வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இது ஆகாதென்று எவரும் எண்ணவேண்டாம். சர்லா தக்ரால் 1936இல், 21 வயதில், சேலை உடுத்தே தனியே விமானமோட்டினார். சென்னை அரசாங்கம் வாங்கிய விமானத்தை 1951இல் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கணவருடன் ஓட்டிவந்தவர் உஷா சுந்தரம். விசயையின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

விமானமோட்ட முடியாமற் போனால் வாழ்வு முடிந்துவிடுமா? இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் இந்திய விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவரோ எட்டுப் பேர். மனமுடைந்து ரிஷிகேசம் சென்றவருக்கு ஆறுதல் கூறியவர் சுவாமி சிவானந்தர். பத்தமடையில் பிறந்து, மலாயாத் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த அதே சிவானந்தர். ஒன்பதாவதாக நின்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். 2006 ஜூன் 8ஆம் திகதி, தம் 74ஆம் வயதில், சுகோய் போர்விமானத்தில் அமர்ந்து பறந்தார். காலநிலை அவதானிப்பு, விமானப் பழுதுபார்ப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என ஆகாயத்துக்கு வேறு வாயில்களும் உண்டு.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமார் பல்லாயிரவர் எந்த நாட்டுப் பிரஜை என்று சொல்ல ஒரு தாளின்றி நின்றனர். அந்தக் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுவரை சட்டங்கள் வேண்டியிருந்தன. அத்தகையோரின் பேரப்பிள்ளை ஒருவர் பெயர் எழுதிய விமானமோட்டி அனுமதிப்பத்திரத்தை இந்த நாடே வழங்கும் நாள் சிறிய நாளாகாது. அதற்காகக் கடனில் விழுவது வேறு. அதற்காகத் தயாராவது வேறு.

ஆகவே சங்கத்தின் முன் சிறு யோசனை ஒன்றை வைக்கிறோம். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் கணிதமும், ஆங்கிலப் பேச்சும், தேசப்படம் வாசித்தலும் இங்கே நடக்கட்டும். பாடம் சொல்ல நாங்கள் நால்வரும் ஆயத்தம். ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் வைத்தியப் பரிசோதனைச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். விமானமோட்டியாக வராதவருக்கும் அந்தக் கணிதமும் ஆங்கிலமும் வீண்போகா.

முருகன் உலகைச் சுற்றினார். விநாயகர் தாய்தந்தையைச் சுற்றினார். பழம் யாருக்குக் கிடைத்தது என்பதை அறிவோம். எங்கள் நண்பர் முதலில் தாயைச் சுற்றிவிட்டார்; இனி உலகைச் சுற்றுவார் என்று நம்புகிறோம்.

அம்மாயி கேட்ட கேள்விக்கு எங்கள் பதிலைச் சொல்லி அமர்கிறோம். இறங்க இன்னும் தெரியாது, அம்மாயி. அதைப் படித்துக்கொண்ட பிறகுதான் ஏறுவோம்.

எல்லாம் வல்ல கதிர்காமக் கந்தன் அனைவரையும் காத்தருள்வானாக.